டாக்டர் சொன்ன பூசணிக்காய்

முதன்முதலாக என் நெஞ்சில் மாட்டிக்கொண்டது ஒரு விள்ளல் இட்லி. அதுவும் என் கையால் நானே அவித்த இட்லி. விழுங்கினேன். தொண்டையைத் தாண்டியது. மார்பின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் குடித்தேன், தண்ணீரும் அதன்மேல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டும் வந்த வழியே திரும்பிவிட்டன.

இதைப் படிக்கிற யாருக்காவது இப்படி நடந்துகொண்டிருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அந்த நாட்களில் ஒரே ஒருவராவது என்னிடம் வந்து, "எனக்கும் இப்படித்தான் இருந்தது, இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும். யாரும் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்லிவிடுகிறேன்: இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன். நிம்மதியாக மேலே படியுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. செஞ்சிக் கடைத்தெருவில் என் கணவருக்கு மல்லாட்டை மண்டி. (வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம்.) மண்டிக்குப் பின்புறமே வீடு. வீட்டில் அவர், நான், அத்தை என்று நான் கூப்பிடும் என் மாமியார், மூன்றே பேர். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. அதனால் நான் சாப்பிட்டதைக் கக்கத் தொடங்கியதும் அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

"மாங்கா வேணுமா சரசு? புளிப்பா எதுனா துன்னத் தோணுதா?"

"சோறு நெஞ்சிலயே நிக்குது அத்தை."

"மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும்."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நர்சம்மா வந்து சொல்லிவிட்டார். அத்தைக்கு ஏமாற்றம். எனக்கோ எரிச்சல். சோறு நிற்கிறது, சோறு நிற்கிறது என்று நான் தலையில் அடித்துக்கொண்டதை அதுவரை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோறு நின்றது, பிறகு குழைந்த சோறும் நின்றது. படுத்தால் காலையில் தின்றது இரவில் மேலே வந்தது. ரவிக்கைகள் தொளதொளவென்று ஆயின. ஒருநாள் கையிலிருந்த வளையல் தானாகக் கழன்று உரலுக்குள் விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் கணவர் மண்டியைப் பூட்டிவிட்டு என்னைப் பட்டணத்துக்கு பஸ் ஏற்றினார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பேரியம் குடிக்க வைத்தார்கள். (பேரியம் என்பது சுண்ணாம்புத் தண்ணீர்போல வெள்ளையாக இருக்கும் ஒரு பானம். அது உள்ளே இறங்கும்போது எக்ஸ்ரே எடுத்தால் உணவு போகும் பாதை தெரியும்.) படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். மேலே பைபோல வீங்கிய குழாய், கீழே குருவி மூக்காகக் குறுகி நின்றது. நோயின் பெயர் அக்கலேசியா. (உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை, விழுங்கும்போது தளராமல் இறுகியே இருப்பது.)

டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இளவயது. பேச்சே ராகம் போட்டமாதிரி இருக்கும்.

"பயப்படாதீங்கம்மா. கீழ ஒரு வாசல் இருக்கு, அது தொறக்க மாட்டேங்கு. ஆபரேஷன் பண்ணித் தொறந்து விட்டுரலாம். ஆனா இப்ப இருக்கிற உடம்பு அதத் தாங்காது. கொஞ்சம் சதை போட்டுட்டு, தை பொறந்ததும் வாங்க."

"தண்ணியே நிக்குதே டாக்டர், சதை எங்கேர்ந்து போடறது?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

"வழி சொல்லுதேன். பூசணிக்காய நல்லா அவிச்சு, கடைஞ்சு, துணியில வடிகட்டி, பாலும் பாலேடும் சேத்து சூப்பு வைங்க. மிளகும் சீரகமும் தட்டிப் போடுங்க, வாய்க்கு நல்லாருக்கும். நல்ல மஞ்சளா, கரண்டியில ஒட்டுத மாதிரி வரணும். நிமிந்து உக்காந்து, வெதுவெதுப்பா, மடக்கு மடக்கா குடிக்கணும். எது நின்னாலும் இது எறங்கும்."

நான் எவ்வளவு எடை வரவேண்டும் என்பதைக் கிலோவில் சொன்னார். கிலோ வந்த புதிது. என் கணவருக்கு உலகமே மூட்டைக் கணக்கு. பஸ்ஸில் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தவர், பாதி வழி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அட, சரியா ஒரு மூட்டை மல்லாட்டை! அவ்வளவுதான் சரசு. ஒரு மூட்டை ஆயிட்டா ஆபரேஷன்."

ஆகாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பூசணிக்காயா? டாக்டரே சொல்லிட்டாரா? நான்தான் அன்னிக்கே சொன்னேனே, இது கண்ணு பட்டதுதான்னு!"

எங்கள் பக்கம் பூசணிக்காய் என்றால் மேலே சாம்பல் பூத்து, உள்ளே வெள்ளையாக இருக்குமே, அது. ஆயுத பூஜையன்று கடைத்தெரு முழுக்கக் குங்குமம் தடவி உடைப்பது அதைத்தான். எங்கள் மண்டி வாசலிலும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதேமாதிரிக் காயை வாங்கி அவித்தோம், கடைந்தோம், வடிகட்டினோம். வந்தது வெறும் தண்ணீர். டாக்டர் கெட்டியாக வரவேண்டும் என்றாரே என்று அத்தை அரிசி மாவைக் கரைத்து ஊற்றினார். மஞ்சளாக வரவேண்டும் என்றாரே என்று ஒரு கரண்டி மஞ்சள் தூளைப் போட்டார். சூப் என்ற ஒன்றை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே அதுதான் சூப் என்று நம்பினோம்.

குடித்தவளுக்கல்லவா தெரியும்! மஞ்சள் கசந்தது. மாவு கட்டி கட்டியாக நெஞ்சில் நின்றது. ஒவ்வொரு மடக்குக்கும் அத்தை எதிரில் உட்கார்ந்து கேட்பார்:

"எறங்குச்சா?"

"இல்ல."

"இப்ப எறங்குச்சா?"

"இல்ல அத்தை. மேல வருது, தள்ளிக்கோங்க."

வாரம் ஒருமுறை, கூலியாட்கள் போன பிறகு, மண்டியின் பெரிய தராசில் என் எடை பார்ப்பார்கள். உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் இரண்டு பலகைகள். ஒன்றில் மல்லாட்டை மூட்டை, மற்றதில் நான். ஒவ்வொரு வாரமும் மூட்டை தரையில் கிடந்தது, நான் அந்தரத்தில் ஆடினேன். மூட்டையை எட்டி உதைக்கலாமா என்று வந்தது எனக்கு. மார்கழி பிறந்தபோது முன்னைவிட உயரத்தில் ஆடினேன். என் கணவர் சங்கிலியைப் பிடித்து என்னை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

அடுத்து நடந்ததை எழுதும்போது இப்போதும் எனக்குப் படபடவென்று வருகிறது.

மார்கழி விடிகாலை. வாசலில் அத்தை கோலம் போட்டுக்கொண்டிருந்தார். குனிய எனக்குத் தெம்பில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்து, சாணியை உருட்டி அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலையின் தலைமேல் பனி உட்கார்ந்திருந்தது. அத்தை மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் படர்ந்திருந்த கொடியிலிருந்து பூக்களைப் பறித்து வந்து என் மடியில் போட்டார்.

"பூசணிப்பூ இந்தா. நல்லா விரிஞ்சதாப் பாத்து நடுவுல வை."

சாணி உருண்டையில் பூவைச் செருகினேன். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். கை அப்படியே நின்றுவிட்டது.

"அத்தை, இது எந்தக் கொடி?"

"இன்னா கேள்வி இது? பரங்கிக் கொடி."

"பூ?"

"பூசணிப்பூ."

"பரங்கிக் கொடியில பூசணிப்பூ எப்படிப் பூக்கும்?"

"எப்பவும் அப்படித்தான பூக்குது! காலங்காத்தால கொயப்பாத சரசு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து அந்தப் பூவைப் பூசணிப்பூ என்றும் அதன் காயைப் பரங்கிக்காய் என்றும் சொல்லி வருகிறேன், ஒருநாள்கூட ஏன் என்று தோன்றியதில்லை. டாக்டரின் ஊரில் பூவுக்குள்ள பெயரையே காய்க்கும் வைத்திருந்தால்? பரங்கிக்காயை வெட்டினால் உள்ளே மஞ்சள். அவித்தால் கெட்டி. கரண்டியில் ஒட்டும்!

"ஏங்க! இங்க வாங்க! நாம தப்பான காயக் குடிச்சினு இருக்கோம்!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

அவர் ஓடி வந்தார், ஆனால் அத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. "பரங்கி வாயுடா. அதனாலதான் இவ கண்ணுலயே காட்டாம வச்சிருக்கேன். சோறே நிக்கற நெஞ்சுல வாயு போயி அடைச்சா இன்னாடா பண்ணுவ?" அது அதிகாரம் இல்லை, பயம். எனக்கும் பயம்தான். தைக்கு அதிக நாள் இல்லை, தவறாகப் போனால் இருக்கும் சதையும் கரையும்.

என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொட்டகைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அம்மா, டாக்டர் மஞ்சளா வரணும்னாரு. நாம மஞ்சத்தூளப் போட்டு அவரையே ஏமாத்தினு இருக்கோம்." சொல்லிவிட்டு ஏணியை எடுக்கப் போனார்.

இறக்கி வந்தது நன்றாக முற்றிய காய். அவர் அரிவாளால் பிளந்ததும் அந்த மஞ்சளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. விதையை வழித்தேன், தோலைச் சீவினேன், துண்டு போட்டேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நெய்யில் வதக்கி, காயைப் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டேன். வெந்ததும் கீரைச் சட்டியில் மாற்றி மத்தால் கடைந்தேன். அது வெண்ணெயாகக் குழைந்தது. பழைய வேட்டித் துணியில் ஊற்றிப் பிழிந்தேன், ஒரு நார்கூட நிற்கக் கூடாது. பாலை விட்டு, முதல்நாள் பாலாடையை அடித்துச் சேர்த்து, கொதிக்க விடாமல் சூடு காட்டினேன். மிளகு, சீரகம், ஒரு துளி சுக்கு. எல்லாம் பட்டுப்போலப் பொடித்தது. உப்பு. கரண்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஒட்டியது! கரண்டி முதுகில் விரலால் கோடு இழுத்தேன், கோடு அப்படியே நின்றது!

நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மடக்கு குடித்தேன். முதலில் தித்திப்பு, அதன்பின் மிளகு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் நாக்குக்கு ஒரு ருசி தெரிந்தது. வெதுவெதுப்பு தொண்டையைத் தாண்டியது, மார்பின் நடுவுக்கு வந்தது, நின்றது. அத்தை கேட்க வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். பிறகு உள்ளே ஏதோ விட்டுக் கொடுத்தது. அது மெதுவாக, மிக மெதுவாக இறங்கி வயிற்றில் சூடாகப் பரவியது.

"எறங்குச்சு," என்றேன். "அத்தை, எறங்குச்சு!"

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அன்று அந்த ஒரு டம்ளரைக் குடித்து முடிக்கப் பாதி காலை ஆனது. முடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டேன்.

கொட்டகைமேல் இருந்த காய்கள் சீக்கிரமே தீர்ந்தன. தொண்டூரிலிருந்து மல்லாட்டை ஏற்றி வரும் வண்டிகளில், மூட்டைகளின்மேல் பரங்கிக்காயும் வரத் தொடங்கியது. விலை பேசும்முன் "காய் இருக்குதா?" என்று என் கணவர் கேட்பதாக ஊரே சிரித்தது. தராசில் நான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்ந்தேன். தை பிறந்த வாரம் பலகையில் ஏறி உட்கார்ந்தேன். அவர் சங்கிலியை விட்டார். மூட்டை அசைந்தது. தரையை விட்டு எழும்பியது. முள் நடுவில் வந்து நின்றது. நான் பலகையில் உட்கார்ந்தபடியே கைதட்டினேன். என் கணவர் மண்டி என்றும் பாராமல் அத்தையைத் தூக்கிச் சுற்றினார்.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னோம். வெள்ளைக் காய் என்றதும் முழித்தார். "எது, தடியங்காயா? தடியங்காயவா இத்தன நாள் குடிச்சீங்க?" அந்தச் சொல்லை நான் அன்றுதான் கேட்டேன். அவரும் பரங்கிக்காய் என்ற சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

அறுவை நன்றாக முடிந்தது. (இறுகிய தசையை மட்டும் நீளவாக்கில் கீறித் தளர்த்துவார்கள், குழாயை வெட்டுவதில்லை.) வலி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் வாய் சோறு நிற்காமல் இறங்கியபோது, அது எங்கே போயிற்று என்று பயந்தே போனேன்.

முன்பெல்லாம் எனக்கு நெஞ்சு என்று ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. இப்போது ஒவ்வொரு வாயும் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று தெரியும். எல்லோரும் கை கழுவிய பிறகும் என் இலையில் பாதி இருக்கும். முன்பு அடுப்புக்கும் கிணற்றுக்கும் பறந்தவள், இப்போது ஒரு டம்ளர் பாலுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் உட்காருகிறேன். அந்த நேரம் வீணாகிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அடுத்த மார்கழியில், முதல் நாள், சூப்பு டம்ளரோடு வாசலுக்கு வந்தேன். கோலம் முடிந்திருந்தது. சாணி உருண்டைகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் பூ இல்லை. கொட்டகைமேல் கொடி நிறையப் பூத்திருந்தது. வருடத்தில் எந்தச் சடங்கையும் விட்டுக்கொடுக்காதவர் அத்தை.

"பூ வைக்கலையா அத்தை?"

"வேணாம். எல்லாம் காயாவட்டும்," என்றார் கோலமாவுக் கையைத் தட்டிக்கொண்டே. பிறகு என் டம்ளரைப் பார்த்தார்.

"எறங்குச்சா?"

"எறங்குச்சு."