பேர் இருந்த பாதி

சாத்தூரில் கல்லறைக் கல்லுக்கு எழுத்து வெட்டுகிறவன் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன் என்பதால் பிழை வந்துவிடுமோ என்று எப்போதும் பயம். அதனால் எல்லார் கல்லிலும் பேருக்குக் கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற பழகிய வரியையே வெட்டிவிடுவேன்.

ஒருநாள் ஓர் அம்மா தன் மகளின் கல்லை வாங்க வந்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளி மருந்து. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவதுபோல, என் இரும்புக் கதவைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். கல்லைப் படித்தார்.

"எம்மக தூங்கவா செஞ்சா, அண்ணே?"

"எல்லாருக்கும் இப்படித்தான் போடுறது, அக்கா."

"வெடிச்ச அன்னைக்கு கருவேல முள்ளுல இருந்து அவ கையை நாந்தான் எடுத்தேன். தூங்குனாளாம்ல!"

என் சம்மட்டியைப் பிடுங்கி அந்த வரியின்மேல் ஓங்கி அடித்தார். சில்லு தெறித்து என் நெற்றி கிழிந்தது. நாலாவது அடியில் கல் இரண்டாகப் பிளந்தது. பேர் இருந்த பாதியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"வேற வரி வெட்டித் தாரேன், அக்கா."

"இருந்தா சொல்லி விடுங்க. வாரேன்."

ஒரு கையால் கதவைத் தொட்டுவிட்டுப் போனார்.

நெற்றிக் காயம் ஆறிவிட்டது. அந்த வரி எனக்கு இன்னும் அகப்படவில்லை.