இது நீங்கள்தானா என்று டிவி கேட்டது

போன டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், கொரட்டூரில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் நடந்தது இது.

நான் பள்ளி ஆசிரியை. கத்திக் கத்திக் குரல் போய், ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் லீவில் இருந்தேன். தினமும் கடைசியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர் என் கணவர். அன்றும் பழக்க தோஷத்தில் வெளி கிரில் கேட்டைப் பூட்டிவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டார். போதாக்குறைக்கு, சார்ஜரைப் பைக்குள் திணித்தபோது அதில் தொங்கிய என் போனையும் சேர்த்துத் திணித்திருக்கிறார். மருந்து மயக்கத்தில் தூங்கி எழுந்தபோது மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளைப் பள்ளி வாசலில் போய் அழைத்துவர வேண்டும். பரீட்சை நாட்களில் வேன் கிடையாது.

தட்டை எடுத்து கிரில்லில் தட்டினேன். எல்லா வீட்டிலும் ஆபீஸ் போய்விட்டார்கள். கத்தினேன். காற்றுதான் வந்தது.

அப்போதுதான் டிவியில் இன்டர்நெட் இருப்பது நினைவுக்கு வந்தது. கணவருக்கு ஒரு மெயில் தட்டிவிட்டால் போயிற்று! ரிமோட்டில் நாலு அம்புக்குறி, நடுவில் ஓகே. அவ்வளவுதான். திரையில் எழுத்துகளின் கட்டம். ஒரு எழுத்துக்கு வலது பக்கம் ஏழு அடி, கீழே இரண்டு அடி. சர்க்கரையைத் தேடும் எறும்பைப் போல மஞ்சள் பெட்டி ஊர்ந்தது. ஒரு அழுத்து கூடினால் பக்கத்து எழுத்து விழும். அழி, திரும்ப ஊர். பாஸ்வேர்டை முடிப்பதற்குள் கட்டைவிரல் மரத்துப்போனது. முடித்ததும் திரை சொன்னது: உங்கள் போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறோம். இது நீங்கள்தானா?

போன் கணவரின் பையில். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: இல்லை. மறுபடி முயன்றேன். மறுபடியும் இல்லை.

மணி பதினொன்று இருபத்தைந்து. பள்ளி வாசலில் தனியாக நிற்கப்போகும் இரட்டைச் சடை கண்ணுக்குள் வந்தது. அழுகை முட்ட, நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே, பத்தடி தள்ளி, எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஈரத் துணியோடு அந்தப் பெண், என் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். அந்தப் பார்வை பிடிக்காமல்தான் கனமான திரைச்சீலை ஒன்று வாங்கியிருந்தேன். கம்பி மாட்ட ஆள் வராததால் அது சோபாவில் கிடந்தது.

"இன்னா டீச்சர், டிவி ரிப்பேரா? மஞ்சப் பொட்டி அங்கயும் இங்கயும் சுத்தினு கீது?"

தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, தேடும் பெட்டியில் தமிழை ஆங்கில எழுத்தில் ஊர்ந்து ஊர்ந்து அடித்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"க... கதவு... பூ... ஐயய்யோ, உள்ள வச்சிப் பூட்டிட்டாரா உங்க ஊட்டுக்காரரு? இன்னொரு சாவி எங்க கீது?"

'ஸ்கூட்டர்' என்று பாதி அடிப்பதற்குள், "டிக்கியிலயா? வண்டிச் சாவியக் கீழ போடு டீச்சர், தோ வந்துட்டேன்!" என்று துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க கிரில்லைத் திறந்ததும் கேட்டார்: "ஏன் டீச்சர், ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டிருந்தா அப்பவே வந்திருப்பேன்ல?"

இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். மேஜை மேல் கட்டுக்கட்டாக விடைத்தாள், மேலே சிவப்புப் பேனா. அவர் சத்தமாகச் சிரித்தார்; நான் சத்தமில்லாமல் சிரித்தேன். பன்னிரண்டு அடிக்கையில் மகளின் கை என் கையில் இருந்தது.

மாலையில் கணவர் வாசலிலேயே பெருமையாகச் சொன்னார்: "உன் மெயிலுக்குள்ள எவனோ பூரப் பார்த்தான். ரெண்டு தடவையும் விரட்டிட்டேன்!"

நன்றி சொல்ல, இந்த முறை பேப்பரும் பேனாவுமாகவே எதிர்வீட்டுக்குப் போனேன். "எங்க டிவி புட்டுக்கினு ஒரு வருசம் ஆச்சு டீச்சர்" என்றார் அவர். "துணி எடுக்கிற சாக்குல உங்க சீரியலத்தான் பாக்கறேன். சத்தம் கேக்காதா, யாரு இன்னா பேசுறாங்கன்னு நானே வச்சிக்குவேன். ஒரிஜினலவிட என் கதை சோக்கா இருக்கும்!"

திரைச்சீலையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் சாயங்காலம் டிவியை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன். நான் நான்தான் என்று என் சொந்த போனே ஒப்புக்கொள்ளாத அன்றைக்கு, ஒரு வார்த்தை பேசாமலே என்னைப் புரிந்துகொண்டவை, நான் மறைக்க நினைத்த அந்தக் கண்கள்தானே.