அமுக்கண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போன கண்ணாடி

விளையாட்டுச் சாமான் கடையின் மூன்றாவது மாடியில், லிஃப்டை விட்டு இறங்கியதும் இடது கைப்பக்கம் நீச்சல் பிரிவு. அங்கே இருபத்தாறு வருடமாக நிற்கிறவரைக் கடை ஊழியர்கள் அமுக்கண்ணன் என்பார்கள். பெயர் வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். நீச்சல் கண்ணாடி கேட்டு யார் வந்தாலும் பட்டையைப் பின்னால் தள்ளிவிட்டு, வெறும் கண்ணாடியை அவர்கள் கண்குழியில் வைத்து இரண்டு கட்டைவிரலால் மெல்ல அமுக்குவார். பிறகு கையை எடுத்துவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுவார். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தக் கண்ணாடி அந்த முகத்துக்கானது. விழுந்துவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் பெட்டிக்குள் திரும்பப் போய்விடும்.

பட்டையை இழுத்துக் கட்டினால் எதுவும் நிற்குமே என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், தொலைந்தீர்கள். "பட்டை கீழ விழாம பிடிச்சுக்கத்தான் சார். தண்ணியத் தடுக்கறது ரப்பரோட வேலை. இறுக்கிக் கட்டுனா தலைவலிதான் மிச்சம்" என்று வந்தவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் காய்ச்சி எடுத்துவிடுவார். கூரைக்கு அடியில் நீந்துகிறவர்களுக்கு நிறமில்லாத கண்ணாடி, வெயிலில் நீந்துகிறவர்களுக்குக் கறுப்பு, உள்பக்கத்தை விரலால் தேய்க்கவே கூடாது, கழற்றிய கால் மணி நேரத்தில் கண்ணைச் சுற்றிய தடம் மறைந்துவிட வேண்டும். இதையெல்லாம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார், அலுக்கவே அலுக்காது.

இத்தனை வாய் பேசுகிற மனிதருக்கு நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் கரையேறிவிடுவார். கடையில் இது ஒரு பெரிய ரகசியம், அதாவது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

நீந்துகிறவள் அவர் மனைவி. பள்ளிக்கூடத்து ரசாயனக் கூடத்தில் உதவியாளர் வேலை. குடுவை, சோதனைக்குழாய் எல்லாம் கழுவி, ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். துளி கறை தெரிந்தாலும் மறுபடி கழுவுவாள். வீட்டிலும் அதே கண்தான். புருஷன் சட்டையில் பொத்தான் தளர்ந்திருப்பதை அவர் வாசலைத் தாண்டும் முன் கண்டுபிடித்துவிடுவாள். நின்றே வேலை பார்த்ததில் நாற்பத்தாறு வயதில் முழங்கால் போயிற்று. தண்ணீரில் நடங்கள் என்றார் டாக்டர். நடக்கப் போனவள் இரண்டே மாதத்தில் நீந்த ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு, இத்தனை வருடமாக வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்று இருந்தவளுக்கு முதல்முறையாகத் தனக்கென்று ஓர் இடம் கிடைத்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் அவரும் கூடப் போவார். நீச்சல் குளத்து ஓரமாக உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டுக்கொண்டு, அவள் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவளுக்கான கண்ணாடியை அவர்தான் பார்த்து எடுத்தார், அதைச் சொல்லவும் வேண்டுமா? நடுத்தர அளவு, மெத்தென்ற ரப்பர், இரண்டு கண்ணாடியையும் இணைக்கிற மூக்குப் பாலம் இரண்டாம் நம்பர். சாப்பாட்டு மேஜையில் அவளை உட்காரவைத்து அமுக்கினார். ஐந்தென்ன, ஐம்பது எண்ணியும் விழவில்லை. "எடுங்க, நான் அடுப்பைப் பார்க்கணும்" என்று அவள்தான் பிடுங்கிப் போட்டாள். ஏழு வருடம் அந்த ஒரே மாடல்தான். பழசானால் அதிலேயே புதுசு, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனதில்லை.

எட்டாவது வருடம் அவளுக்குக் குடலில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்து மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, மறுபடி பூனை முடியாக முளைத்தது. கட்டி இல்லை, நன்றாக இருக்கிறீர்கள், நீந்தப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று இவர் கடை முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த மூன்று மாதம் சனிக்கிழமை தவறாமல் போனார்கள்.

நான்காவது மாதம் ஒரு சனிக்கிழமை, அவள் பாதி தூரத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்னங்க, தண்ணி வருது."

"வராதே. முடி ஏதாவது மாட்டியிருக்கும்."

"எனக்கு மாட்டறதுக்கு முடி எங்க இருக்கு?"

இருவரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை அதே மாடலில் புதுசு ஒன்று எடுத்துவந்தார். அதுவும் ஒழுகியது. வேறு பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு, அவற்றிலும் காதுப்பக்கமாகத் தண்ணீர் புகுந்தது. அவருக்கு வந்ததே கோபம். ரப்பரில் கலப்படம் செய்கிறார்கள், காசு மிச்சம் பிடிக்கிறார்கள், இத்தனை வருடம் நம்பி விற்றதற்கு நல்ல மரியாதை என்று கம்பெனி விற்பனைப் பிரதிநிதியைப் போனிலேயே உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அந்த மாடலை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டார். யாராவது கேட்டால், "அது சரியில்லைங்க, வேற பாருங்க" என்றார்.

பிரதிநிதி நல்ல மனிதர். ஒரு மத்தியானம் நேரிலேயே வந்தார். கிடங்கறைக்குள் வாளியில் தண்ணீர் பிடித்து, திருப்பிக் கொடுக்க எடுத்துவைத்திருந்த மூன்று கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகத் தன் முகத்தில் மாட்டி, தலையை முக்கி முக்கி எடுத்தார். சட்டைக் காலர் எல்லாம் ஈரம். கண்ணுக்குள் ஒரு சொட்டு இல்லை.

"அண்ணே, கண்ணாடி மேல தப்பு இல்லண்ணே" என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "முகம் மாறியிருக்கும். யாருக்கு வாங்குனீங்க?"

அமுக்கண்ணன் வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கழிவறையில் கொட்டிவிட்டு அங்கேயே வெகுநேரம் நின்றார். எத்தனை ஆயிரம் முகங்களைத் தொட்ட கை அது. தூரத்திலிருந்து நடந்து வரும்போதே இவருக்குக் குழி ஆழம், இவருக்குக் கன்ன எலும்பு தூக்கல் என்று சொல்லிவிடுகிற மனிதர். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், எதிரே உட்கார்ந்திருக்கிற முகத்தை மட்டும் அளக்காமல் விட்டிருக்கிறார். மூன்று கண்ணாடி கொண்டுபோனாரே, மூன்றையும் அவள் கையில் கொடுத்தாரே தவிர ஒன்றையாவது வைத்து அமுக்கிப் பார்த்தாரா? பார்க்கவில்லை. பார்க்கப் பயம் என்பதுதான் உண்மை, அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவளை உட்காரச் சொன்னார். கட்டைவிரல் நெற்றிப்பொட்டில் பட்டதும் பகீரென்றது. அங்கே சதை இல்லை, எலும்பு இருந்தது. கண்குழியின் வெளி விளிம்பு கூராக விரலில் தட்டியது. ஒரு கண்ணாடியை வைத்துக் கையை எடுத்தார், இரண்டு எண்ணுவதற்குள் அது அவள் மடியில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் எடை பார்க்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் இவர் விரல் பார்த்துவிட்டது.

"என்ன சொல்லுது கண்ணாடி?" என்றாள்.

"அளவு கொஞ்சம் பெருசு. வேற கொண்டு வரேன்."

அவளிடம் பொய் சொல்லி ஆஸ்பத்திரித் தேதியை முன்னால் தள்ளினார், டாக்டர் ஊருக்குப் போகிறாராம் என்று. படம் எடுத்தார்கள். கட்டி கல்லீரலுக்குப் போயிருந்தது. நடைபாதையில் டாக்டர் அவரைத் தனியாக நிறுத்தி, மாதக்கணக்கில்தான் என்றார். "அவகிட்ட சொல்ல வேணாம் டாக்டர், தாங்க மாட்டா" என்றார் இவர். யார் தாங்க மாட்டார் என்பது டாக்டருக்குப் புரிந்திருக்கும். உள்ளே போனதும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், நீந்தப் போகலாமா என்று. "முடியற வரைக்கும் போங்க" என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேலை இல்லை. உலகத்தில் அவரால் செய்ய முடிந்தது அந்த ஒன்றுதான், அவள் கண்ணில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்வது. சின்ன முகத்துக்காரர்களுக்கானது, மூக்குப் பாலம் மூன்றாம் நம்பர், நாலாம் நம்பர், பாதி முகத்தை மூடுகிற பெரிய வகை, எல்லாம் வீட்டுக்கு வந்தன. ஒரு கண்ணாடி இரண்டு வாரம் நின்றது. அடுத்தது ஒரு வாரம். பெரிய வகை கன்னத்தில் ஒட்டவே இல்லை. ஒரு நாள் வேறு வழி தெரியாமல், ஊரையெல்லாம் திட்டுகிற அதே மனிதர் பட்டையை இழுத்துக் கட்டினார். சாயங்காலம் டீ குடிக்கும்போதும் அவள் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டங்கள் சிவந்து கிடந்தன. அவளுக்கு வலித்திருக்கும். இவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து எதிர் அலமாரிக்குப் போனார். ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை என்று எழுதியிருக்கும் அலமாரி. இருபத்தாறு வருடத்தில் அதிலிருந்து வீட்டுக்கென்று அவர் ஒரு சாமான் எடுத்ததில்லை. எடுக்க அவசியம் வரவில்லை, அந்த வருத்தம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முகம் எதிரே இல்லை, ஆனால் விரலுக்கு அந்த முகம் இப்போது மனப்பாடம். ஒன்றை எடுத்துக்கொண்டு பில் போடப் போனார்.

"என்னண்ணே, யாரு வீட்டுக் குழந்தைக்கு?" என்றாள் பில் போடுகிற பெண்.

"தெரிஞ்சவங்க குழந்தைக்கும்மா" என்றார்.

அதன் இரண்டு பக்கமும் சிரிக்கிற மீன் படம் அச்சடித்திருந்தது. கிடங்கறையில் உட்கார்ந்து பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தார். மீன் சுலபத்தில் போவதாயில்லை. செதில் போயிற்று, வால் போயிற்று, கண் மட்டும் கடைசி வரைக்கும் நின்றது. அரை மணி நேரத்தில் அதையும் அழித்து, சோப்புப் போட்டுக் கழுவி, பெரியவர்களுக்கான பெட்டி ஒன்றில் போட்டு மூடினார். செய்து முடித்துவிட்டு, செய்த காரியத்தை நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதார். வாய்விட்டுத்தான் அழுதார், கிடங்கறை ஆயிற்றே, யார் வரப்போகிறார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் குளத்தில் ஆள் அதிகமில்லை. படியில் உட்காரவைத்து அவளுக்கு மாட்டினார். பட்டையை விட்டுவிட்டு அமுக்கினார், கையை எடுத்தார். நின்றது. எண்ணிக்கொண்டே இருந்தார், இருபதைத் தாண்டியது.

"லேசா இருக்கே. புது மாடலா?"

"ஆமா. பெரியவங்களுக்குன்னே இப்பதான் வந்திருக்கு. உறுத்தவே உறுத்தாது."

"நல்லா இருக்கு" என்றாள்.

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். இவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார். முன்னெல்லாம் இருபது தடவை போய்வருகிறவள், அன்று அகலவாட்டில் ஒரு தடவை போனாள். நடுவே இரண்டு இடத்தில் தடம் பிரிக்கிற கயிற்றைப் பிடித்து நின்றாள். இவர் இரண்டு தடவையும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். திரும்பி வரும்போது முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி மெதுவாக, அவர் இருந்த பக்கமாகவே வந்தாள். காலடியில் வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். மூச்சு வாங்கியது.

"தண்ணி வந்துச்சா?" இவருக்கு அதுதான் முக்கியம்.

"ஒரு சொட்டு இல்ல. ரொம்பத் தெளிவா இருக்குங்க. இவ்வளவு தெளிவா நான் பார்த்ததே இல்ல." மூச்சு நிதானப்படும் வரை விளிம்பைப் பிடித்தே நின்றாள். பிறகு, "சின்னப் பசங்களோடதுதானே" என்றாள்.

அவர் பட்டையைச் சரிசெய்வதுபோலக் கையை நீட்டினார்.

"முப்பது வருஷம் லேப்ல இருந்தவகிட்ட ஸ்பிரிட் வாசனைய மறைக்க முடியுமா? மீனா, பூவா, என்ன படம் இருந்துச்சு?"

"மீன்" என்றார்.

"விட்டிருக்கலாம். நல்லாத்தான் இருந்திருக்கும்."

அவர் குனிந்து அவள் கையைப் பிடித்தார். அவள் இன்னொரு கையால் தண்ணீருக்குள் அவர் பாதத்தைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"கால் நகத்தப் பாருங்க, எவ்வளவு வளர்ந்திருக்கு. சாக்ஸெல்லாம் ஓட்டையாகுதுன்னா ஆகாம என்ன செய்யும்" என்றாள். "இனிமே நீங்களே பார்த்து வெட்டிக்கணும். நான் இருந்து சொல்லிட்டு இருக்க மாட்டேன்."

"சரி" என்றார் அவர்.