ஹாரன் அடித்தபோது மணி என்ன

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் முப்பத்தோரு வருடமாக இந்தத் தீவு என்னைக் கேட்டுத்தான் கடிகாரம் வைக்கிறது. சொந்த உழைப்பில் வாங்கிய படகு. காலையில் கிளம்பி, மாலை நாலு மணிக்குத் துறையில் நுழைந்து ஹாரன் அடிப்பேன். வீட்டுக் கடிகாரம் வேறு நேரம் காட்டினால் முள்ளைத் திருப்புவார்களே தவிர, என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

பெரிய பெரிய ஆட்களெல்லாம் என் படகில் ஏறியிருக்கிறார்கள். எழுதி வைக்கத் தோன்றியது ஒருவரைப் பற்றித்தான். ஐஸ் ஆலை முதலாளியை யாரோ தலையில் அடித்துக் கொன்றார்களே, அதை விசாரிக்க வந்த துப்பறியும் அதிகாரி. குட்டையான மனிதர். கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிட்டார். லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, மூன்று தடவை தேர்வில் தோற்று, நாலாவதில் அதிகாரி ஆனவராம். சட்டையைத் தானே துவைத்து என் படகுக் கம்பியில் காயப்போட்டார். தானாக மேலே வந்த ஆளை எனக்குப் பார்த்ததுமே தெரியும்.

மூன்று நாள் தீவைச் சல்லடை போட்டுச் சலித்தார். கடைசியில் விலங்கு மாட்டியது யாருக்கு? என் தங்கை புருஷனுக்கு! ஐஸ் சரியில்லை என்று அன்று காலையில் முதலாளியோடு சண்டை போட்டவர் அவர்தான். ஹாரன் அடித்தபோது ஆலை வாசலில் தனியாக நின்றதையும் பார்த்திருக்கிறார்கள். முதலாளியோடு ஆலையில் பங்கு வைத்திருந்த கூட்டாளியோ அப்போது துறையில் பத்துப் பேர் நடுவே நின்றாராம்.

மறுநாள் காலை அதிகாரியையும் மாப்பிள்ளையையும் என் படகிலேயே ஏற்றினேன். “அண்ணே, அவர் கரப்பானைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறுற ஆளாச்சே!” என்று தங்கை கரையில் நின்று அழுதாள்.

பாதி வழியில் அதிகாரி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“முதலாளி போன்ல பேசிக்கிட்டிருக்கும்போதே அலறியிருக்கார் அண்ணே. சரியா நாலு மணின்னு போன் ஆபீஸ்ல சொல்றாங்க. உங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் ஹாரனை வச்சுத்தான் நேரம் சொல்றாங்க. ஹாரன் எதைப் பார்த்து அடிக்கும்?”

“என்னைப் பார்த்து.”

“அன்னைக்கும் நாலுக்குத்தானா?”

அன்று நடுக்கடலில் படகின் அடி விசிறியில் கிழிந்த வலை சுற்றிக்கொண்டது. பயணிகள் இல்லை, சரக்கு மட்டும்தான். தனியாளாக இறங்கி அறுத்துவிட்டுத் துறைக்கு வரும்போது நாலு ஐம்பது. வழக்கம்போல ஹாரன் அடித்தேன். வழக்கம்போலப் பதிவேட்டில் நாலு என்று எழுதினேன். மேகமூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். மூன்று நிமிடம் யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

அதிகாரி மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “ஆலைக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?”

“ஒரு மணி நேரமா ஆறு பேரோட கரையில வலை தைச்சேன் சார். சொன்னேனே, நீங்க காதுல வாங்கல.”

“என் தப்புதான்,” என்று விலங்கைக் கழற்றினார். எத்தனை அதிகாரிகள் அப்படிச் சொல்வார்கள்! படகைத் திருப்பச் சொன்னார். ஹாரன் நேரத்தை விட்டுவிட்டு, உண்மையான நாலு மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டதும் கூட்டாளிக்கு நாக்கு குழறியது. மாலைக்குள் ஒப்புக்கொண்டார்.

என் வாக்குமூலத்தை அதிகாரியே எழுதினார். “எஞ்சின் கோளாறுன்னு போடட்டுமா?”

“என் எஞ்சினுக்கா? வலை சுத்துச்சுன்னு போடுங்க!”

மாப்பிள்ளை மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, “நல்லாப் பெருசா எழுதுங்க சார், மச்சான் ஒரு தடவை லேட்டுன்னு,” என்றார். முதலில் சிரித்தவள் என் தங்கை. நான் கையெழுத்துப் போட்டேன்.