மூக்கக்காவின் இடக்கைச் சுற்று

இது நடந்த கதை. ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இந்த டிரைவர் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு, உங்கள் முதலாளிமார் பந்தடித்துவிட்டு வரும்வரை பொழுது போக வேண்டுமே. உள்ளதை உள்ளபடி சொன்னால் டீ ஆறுவதற்குள் கதை முடிந்துவிடும். அதனால் அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறேன். எங்கே இழுத்தேன் என்று கேட்காதீர்கள். சிரிப்பு வருகிற இடத்தில் வேண்டுமானால் சந்தேகப்பட்டுக்கொள்ளுங்கள். வலிக்கிற இடத்தில் கை வைக்காதீர்கள், அதெல்லாம் நிஜம்.

மைதானத்துக்கு எதிரே பழைய கோல்ஃப் மட்டைகளை வாங்கி விற்கிற கடை இருக்கிறதல்லவா, அதில் வாசலைப் பார்த்த மேசையில் உட்கார்ந்திருந்தவள்தான் மூக்கக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை ரேஷன் கடைக்காரன்கூட மறந்துவிட்டான். மூக்கு பார்க்க ஒன்றும் பெரிதில்லை, கண்ணாடி நழுவாமல் நிற்க அளவாக இருக்கும். அது செய்த வேலைதான் பெரிது. தெருமுனையில் ஒருவன் ஷூவைக் கழற்றினால் இங்கே இவள் வீட்டு ஜன்னல் சாத்தப்படும். அடுத்த வீட்டில் பால் பொங்கப் போகிறது என்று முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

கடைக்கு விற்க வருகிற மட்டைகளில் பாதி அசல், பாதி போலி. பெரிய கம்பெனியின் பெயரும் முத்திரையும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் மின்னும். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவளே தடுமாறுவாள். மூக்கக்கா பெயரையே பார்க்கமாட்டாள். மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, கையால் பிடிக்கிற ரப்பர் பிடியை மூக்குக்குக் கொண்டுபோவாள். மலிவு ரப்பரில் மண்ணெண்ணெயில் ஊறிய பழைய டயர் வாடை இருக்கும். அந்த வாடை வந்தால் மட்டை அப்படியே வாசல் பக்கம் திரும்பிவிடும். வராவிட்டால் அடுத்த பரிசோதனை. தலையும் தண்டும் சேருகிற கழுத்தில் கறுப்பு வளையம் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா, அங்கே செதுக்கிய எண் ஆழமாக இருக்கிறதா, எழுத்துக்குள் பூசிய வர்ணம் கரையைத் தாண்டி வழிந்திருக்கிறதா, தலையைத் தட்டினால் பாத்திரச் சத்தம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் "அசல்" என்பாள்.

முதல் சில வருஷம் அப்படித்தான் நடந்தது. அப்புறம் பேர் வந்துவிட்டது. மட்டை வாங்க வருகிறவர்கள், "அந்தம்மா மோந்து பாத்ததா?" என்றுதான் கேட்பார்கள். முதலாளி விளம்பரப் பலகையில் மூக்குப் படம் போடலாமா என்றுகூட யோசித்தார். ஒரு பெரிய மனிதர் தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைக் கடைக்கே அழைத்து வந்து நிறுத்தி, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். இங்கே நான் இழுத்திருக்கிறேன். கொஞ்சம்தான்.

பேர் வந்ததும் பார்வை போனது. வாடை வராவிட்டால் போதும், கழுத்தையும் எண்ணையும் பார்ப்பதை மெல்ல மெல்ல விட்டுவிட்டாள். மூக்கு சொன்னால் சரி என்று கடையும் இருந்தது, அவளும் இருந்தாள்.

இது வெளியே யாருக்கும் தெரியாது. ஒரே ஒருவருக்குத் தெரியும். அவர் அவளுடைய மாமனார்.

மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் மூக்கக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. காலமெல்லாம் மைதானத்தில் முதலாளிமாரின் மட்டைப் பையைச் சுமந்தவர். தோள் போனபிறகு வாசல் கேட்டில் நின்று வருகிறவர்களுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிற வேலை. பேச ஆரம்பித்தால் நாயும் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும். அந்த வீட்டில் மருமகளுக்கு வாய்த்த ஒரே வக்கீல் அவர்தான். சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்று மகன் முனகினால், "உனக்கு நாக்குல கோளாறு, டாக்டரப் பாரு" என்பார். சாயங்காலம் இரண்டு பேரும் சமையலறைப் படியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அன்றைக்கு வந்த மட்டை, வந்த ஆள், விட்ட கதை எல்லாவற்றையும் அவள் ஒன்றுவிடாமல் சொல்வாள். முன்னைப்போல எல்லாம் பார்ப்பதில்லை மாமா, மூக்கே போதும் என்று சொன்னதும் அந்தப் படியில்தான். அவர் சிரித்து அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவர் வீட்டுக்கு மட்டை கொண்டுவர ஆரம்பித்தார். முதலாளிமார் பழைய பிடியை மாற்றச் சொல்கிறார்கள், மருமகளுக்கு நாலு காசு கிடைக்கட்டும் என்று கேட்டு வாங்கி வந்தேன் என்றார். எல்லாம் முதல் அடி அடிக்கிற பெரிய தலை மட்டைகள். புத்தம் புது அசல் பிடியும் கூடவே வரும். தலைக்குக் கம்பளி உறை போட்டிருக்கும், பாதித் தண்டுவரை இழுத்துவிட்ட நீளமான உறை. பிடி மாற்றுகிறவர்கள் உறையைக் கழற்றமாட்டார்கள். பழைய பிடியை அறுத்துவிட்டு, தண்டில் இருபக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி, அதன்மேல் தின்னரை ஊற்றி, வழுக்கும்போதே புதுப் பிடியை ஏற்ற வேண்டும். ஒரு சொட்டுத் தெறித்தாலும் தலையின் பளபளப்பு போய்விடும். அதனால் அடுத்தவர் மட்டையின் உறையை அவிழ்க்காமல் இருப்பது அந்தத் தொழிலின் மரியாதை. மூக்கக்கா மரியாதை தெரிந்தவள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தாள். மாமாவின் அன்பை நினைத்துக் கண்ணில் நீர்கூட வந்தது. பாதி தின்னரால் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மட்டைகள் எங்கே போயின என்று கேட்கிறீர்களா? வேறெங்கே, அவளுடைய மேசைக்குத்தான். யார் யாரோ கொண்டுவந்து நீட்டினார்கள். அவள் திருப்பி முகர்ந்தாள். அசல் ரப்பர். அவள் கையாலேயே ஏற்றிய பிடியை அவளே முகர்ந்து "அசல்" என்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இது வெளிவந்தது ஒரு பல் டாக்டரால். மூக்கக்காவின் சொல்லை நம்பி ஒரு மட்டை வாங்கிப்போனவர், மறுநாள் காலையில் காலை அகட்டி நின்று ஓங்கி அடித்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டையின் தலைதான் பறந்தது. பறந்துபோய், அதோ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாளே நம் புல்வெட்டும் அக்கா, அவளுடைய வண்டிக்கு முன்னால் விழுந்தது. அடுத்த நிமிஷம் டாக்டர் ஒரு கையில் தலையும் ஒரு கையில் கம்புமாகக் கடைக்குள் வந்து நின்றார், பிடுங்கின பல்லைக் காட்டுகிற மாதிரி.

மூக்கக்கா தலையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எண் நகத்தால் கீறினது போல மேலோட்டமாக இருந்தது. உள்ளே காய்ந்த பசை உதிர்ந்தது. "இது போலி" என்று அவளேதான் சொன்னாள். அப்படியானால் மூக்கு எப்படி ஏமாந்தது என்று முதலாளி கேட்டார். பிடி மட்டும் அசலாக இருக்கிறது, அறுத்துப் பார்ப்போம் என்றாள். கொக்கிக் கத்தியால் பிடியை நீளவாக்கில் கிழித்து உரித்தாள்.

உள்ளே டேப் தெரிந்தது. உலகத்தில் எல்லோரும் ஒரு பக்கம் சுற்றுவார்கள். இது எதிர்ப் பக்கமாகச் சுற்றியிருந்தது.

அடுத்த மேசையில் கடைக்குப் பிடி மாற்றுகிறவன் எட்டிப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை, வாய்தான் முந்திக்கொள்ளும். "அக்கா, இது இடக்கைச் சுத்தாச்சே. நம்மள்ல இடக்கைக்காரி நீங்க ஒருத்திதானே?" என்றான்.

மூக்கக்கா மறைக்கவில்லை. நான் சுற்றியதுதான், மாமா கொண்டுவந்து கொடுத்தார், உறையை நான் அவிழ்க்கவில்லை என்றாள். அப்போதுகூட அவளுக்கு மாமாமேல் துளி சந்தேகம் இல்லை. யாரோ அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள், அவர் வந்தால் யார் என்று தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தாள். முதலாளி ஆள் அனுப்பினார். கேட்டிலிருந்து அவர் சாலையைத் தாண்டி வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்தவர் தலையில்லாத மட்டையைப் பார்த்தார். உரித்த பிடியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"முதலாளி, சின்னப் பொண்ணு. ஏதோ ஆசைப்பட்டுச் செஞ்சிருச்சு. என் முகத்துக்காக மன்னிச்சு விட்டுடுங்க."

"மாமா?" என்றாள் அவள்.

அவர் அவள் தோளில் கை வைத்தார். "அழாதம்மா. நான் இருக்கேன்ல."

அவள் அழவே இல்லை. அழுதுகொண்டிருந்தவர் அவர்தான். கண்ணீர் என்றால் சாதாரணக் கண்ணீரா, கடையில் இருந்த வாளியை நகர்த்தி வைக்கலாமா என்று நினைக்கும்படி. பல் டாக்டரே அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மூக்கக்கா எத்தனை தடவை சொன்னாலும் ஒரே பேச்சுத்தான்: கொண்டுவந்தவர் இவர். முதலாளிக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "உனக்காக ஒரு பெரிய மனுஷன் இப்படிக் கெஞ்சுறாரு. நீ அவரையே மாட்டிவிடப் பாக்குற" என்றார். போலீசுக்குப் போகவில்லை, அது பெரியவருக்குக் கொடுக்கிற மரியாதை என்றும், நாளையிலிருந்து மேசைப் பக்கம் வரக்கூடாது, பின்கட்டில் மட்டை கழுவினால் போதும் என்றும் சொன்னார்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அப்பா அப்படிச் செய்வாரா, நல்லா யோசித்துச் சொல்லு என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து மாமனார் சமையலறைப் படிக்கு வந்தார். எப்போதும்போல இரண்டு டம்ளர் டீயோடு. ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். குரலில் பழைய அன்பு அப்படியே இருந்தது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கோவப்படாத. ஆள் வெச்சு வித்தது நான்னு தெரிஞ்சா கேட்ல ஒரு நிமிஷம் நிக்க விடமாட்டாங்க. உனக்கு வயசு இருக்கு, எங்க வேணா பொழச்சுக்குவ. உன் பேரச் சொன்னா மன்னிச்சிருவாங்கன்னு தெரியும். அதான் தைரியமாச் சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா."

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். எழுந்து போகும்போது கதவுக்குப் பின்னாலிருந்து கம்பளி உறை போட்ட இன்னொரு மட்டையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். சூடு ஆறட்டும், அவசரமில்லை, மெதுவா மாத்திக் கொடு என்றார்.

அவர் போனதும் அவள் அந்த உறையைக் கழற்றினாள். அத்தனை மட்டைகளில் அவள் கழற்றிய முதல் உறை அதுதான். கழுத்து வளையம் ஆடியது. எழுத்தில் வர்ணம் வழிந்திருந்தது. உறையைக் கழற்றியிருந்தால் முதல் மட்டையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் அவள் பின்கட்டுக்குப் போகவில்லை. இதோ இந்தக் கொட்டகைக்கு முன்னால், கார் நிறுத்துகிற இடத்தில், கொக்கிக் கத்தியோடு வந்து நின்றாள். கடையில் பெரிய மட்டை வாங்கியவர்கள் காரைவிட்டு இறங்க இறங்க, என்னை நம்பி வாங்கினீர்கள், இனி என் வாய்ச்சொல் போதாது, பிடியை ஒருதடவை அறுத்துப் பார்க்க விடுங்கள், அசலாக இருந்தால் புதுப் பிடி நானே போட்டுத் தருகிறேன் என்றாள். முதலில் வந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. உன் மூக்குதானே அசல் என்றது, இப்போது உன் வாய் போலி என்கிறதா என்று கேட்டார்.

"மூக்கு பொய் சொல்லலைங்க. பிடி அசல்தான். தலையைத்தான் நான் பாக்காம விட்டேன்."

அறுத்தாள். எதிர்ப் பக்கச் சுற்று. கையில் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். "இது என் சுத்து. இப்படி இருந்தா போலி." அடுத்ததை அறுத்தாள், அதிலும் அவள் கை. மூன்றாவது நேராகச் சுற்றியிருந்தது, கழுத்தையும் எண்ணையும் பார்த்துவிட்டு அதை அசல் என்று திருப்பிக் கொடுத்தாள். ஊரெல்லாம் தன் கைவேலையைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். இவள் தன் கைவேலையைக் காட்டிக் காட்டி, இதைக் கண்டால் நம்பாதீர்கள் என்றாள். வெயில் ஏறுவதற்குள் காலடியில் உரித்த பிடிகள் பாம்புச் சட்டை மாதிரிக் குவிந்தன.

ஒருவர்தான் கேட்டார், இதையெல்லாம் உன்னிடம் கொண்டுவந்தது யார் என்று. அவள் கத்தியை மடக்காமல் கேட்டைப் பார்த்துக் கை நீட்டினாள். "அதோ தொப்பி போட்டிருக்காரே, எங்க மாமா. எங்க வீட்டுப் பெரியவர்."

அவர் அப்போது ஒரு காருக்குத் தொப்பியைத் தூக்கிக்கொண்டிருந்தார். தூக்கிய தொப்பி தூக்கியபடியே நின்றது. இந்தத் தடவை யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

அன்றைக்கே அவருக்கு வேலை போனது. கடையின் பேரைத் தெருவில் உரித்துவிட்டாள் என்று முதலாளி அவளையும் நிறுத்திவிட்டார். இப்போது அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு சைக்கிள் கடையில் இருக்கிறாள். இன்னமும் மட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே தேடிப்போகிறார்கள். மூக்குக்குக் கொண்டுபோவதே இல்லை, கழுத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்புகிறாள். மாமனார் அதே வீட்டில்தான் இருக்கிறார். சோறு போடுகிறாள். மாமா என்று கூப்பிடுவதில்லை. எப்படியும் கூப்பிடுவதில்லை.

அவ்வளவுதான் கதை என்று நான் வாயை மூடுவதற்குள் மூத்த டிரைவர் தொடையில் தட்டினார். "என்ன இருந்தாலும் பெரியவரை இப்படி நடு ரோட்டுல நிறுத்தியிருக்கக் கூடாது. வீட்டுக்குள்ள பேசி முடிச்சிருக்கணும்."

"வீட்டுக்குள்ள பேசினாளே, யார் கேட்டா?" என்றாள் புல்வெட்டும் அக்கா. "அவரு இவள நடுக் கடையில நிறுத்தினப்ப உங்க வாய் எங்க போச்சு?"

"வயசான காலத்துல வேலை போனா எங்க போவாரு அவரு?"

"நீங்க போற எடத்துக்குத்தான். உங்க வீட்லயும் மருமக இருக்காள்ல, போய்க் கேட்டுப் பாருங்க."

"என் மருமகளை எதுக்கு இழுக்குற?" என்று மூத்தவர் எழுந்துவிட்டார்.

நடுவில் வெள்ளைக் கார் ஓட்டுகிற பையன் புகுந்தான். எங்க முதலாளி மட்டையையும் அவ அறுத்துட்டா, அன்னைக்கு வீடு போய்ச் சேருற வரைக்கும் திட்டு வாங்கினது நான், அதுக்கு யாரு நியாயம் சொல்லுவா என்றான். உன் முதலாளி உன்னைத் திட்டுவதற்கு மட்டை வேறு வேண்டுமா என்று அக்கா அவன் பக்கம் திரும்பினாள். மூத்தவர் அவளை இந்தப் பக்கம் திரும்பச் சொல்லிக் கத்தினார். யாருடைய கையோ பட்டு டீ டம்ளர் கவிழ்ந்து என் மடியில் கொட்டியது, அதை ஒருவரும் கவனிக்கவில்லை.