கருப்பம்மாள் தனக்குப் பாடியது

1998-இல் ராக் ஆல்பம் போடப்போகிறேன் என்று திண்டுக்கல்லிலிருந்து கிடாரும் கையுமாகக் கிளம்பினான் ஜெரோம். மாதா கோயில் பாடற்குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்ததோ. டிரம்ஸுக்கு ஆரோக்கியதாஸ். பாடுவதற்கு, குஜிலியம்பாறைப் பக்கம் சாவு வீடுகளில் ஒப்பாரி பாடும் கருப்பம்மாள்.

மதுரை ஸ்டுடியோவில் மைக் முன்னால் நின்றதும் அவள் கேட்டாள். "யாருக்கு அப்பு பாடுறது? செத்தவுக பேரு வேணும்ல."

"சும்மா பாடுங்க ஆத்தா."

"சும்மா பாடுனா அது யாரையாச்சும் தேடிப் போயிரும். எனக்கே பாடிக்கிறேன்."

தன் பெயரைச் சொல்லித் தனக்கே அழுதாள். ஆரோக்கியதாஸ் கையிலிருந்து குச்சி நழுவியது. ஒப்பாரி பாடியவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. ஸ்டுடியோ வாசல் குழாயடியில் அவள் ஊற்றிக்கொண்டபோது, "நாங்களும் ஊத்தணுமா?" என்று ஜெரோம் சிரித்தான்.

"பாட்டு வெளிய வரட்டும், ஊத்திக்க."

பாட்டு வெளியே வரவில்லை. பதிவு செய்த கம்பெனியும் விற்க எடுத்த கம்பெனியும் உரிமை யாருக்கென்று கோர்ட்டுக்குப் போய்விட்டன. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகளுக்குத்தான் திண்டாட்டம். ஜெரோம் கையில் ஒரு பிரதிகூட இல்லை.

2001-இல் கருப்பம்மாள் இறந்தாள். ஜெரோம் ஓடிப்போய்ப் பார்த்தால், பந்தலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் மாயம்மாள் எழுந்து வந்தாள்.

"யாரும் பாடக் கூடாதுன்னுருச்சு ஆத்தா. நான் பாடி வச்சிருக்கேன், ஜெரோம் கொண்டாருவான்னு சொல்லுச்சு. கொண்டாந்தீகளாண்ணே?"

வெறுங்கையோடு நின்றான். சத்தமில்லாமல் தூக்கிப்போனார்கள்.

அதன்பிறகு கிடாரை ஆம்ப்ளிபயரில் சொருகினாலே, அந்த இரைச்சலுக்கு அடியில் யாரோ பாடுவதற்காகத் தொண்டையைச் செருமுவது கேட்டது. பயந்துபோய் மாதா கோயிலில் அவள் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கப் பணம் கொடுத்தான். செருமல் நிற்கவில்லை. கிடாரைப் பரணில் போட்டான்.

2004-இல் கம்பெனிகள் சமாதானமாகி ஆல்பம் வந்தது. முதல் கேசட்டையும் டேப்ரிக்கார்டரையும் எடுத்துக்கொண்டு ஜெரோம் பஸ் ஏறினான். வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்த மாயம்மாளுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டான்.

கிடார் வந்தது, டிரம்ஸ் வந்தது, பிறகு அவள் வந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். மூன்று வருஷமாக அடக்கி வைத்த அழுகை அது. ஜெரோமும் அழுதான்.

கேசட் நின்றதும் மாயம்மாள் தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் மோந்து தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். அடுத்த குடத்தை அவனிடம் கொண்டுவந்தாள்.

"குனிங்கண்ணே. ஆத்தாவ இப்பத்தான் அனுப்பியிருக்கோம்."

ஜெரோம் குனிந்தான்.