விஜயராணி அடுக்கிய திரை

மும்பை தாராவியில் பை தைக்கும் பட்டறை ஒன்றில் விஜயராணி ஜிப் வைத்துத் தைக்கிறவள். வயது நாற்பத்திரண்டு. பக்கத்துச் சயானில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கம்ப்யூட்டர் மையத்துக்கு அவள் முதலில் போனது காற்றுக்காகத்தான். மதியம் மூன்று மணிக்குப் பட்டறையில் ஒரு மணி நேரம் ஓய்வு. மையத்தில் நல்ல ஃபேன் இருந்தது.

அங்கே பத்துப் பழைய கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ். யாருக்கும் தனிக் கணக்கு கிடையாது. எதை மாற்றினாலும், எழுந்து போனதும் அழிந்து, பழைய சாம்பல் திரையே வந்து நிற்கும். டைப்பிங் கற்க வந்தவர்கள் அதைக் கவனித்ததேயில்லை. விஜயராணிக்கு அந்த வெறும் திரைதான் பிடித்தது. உட்கார்ந்ததும் செட்டிங்ஸுக்குள் போவாள். பின்னணியில் பச்சைத் தண்ணீர்ப் படத்தை வைப்பாள். மேலே இருக்கும் மெனுப் பட்டையைக் கீழே இறக்குவாள். எழுத்தைப் பெரிதாக்குவாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருப்பாள். வெளியே லோக்கல் ரயில் போகும் சத்தம் அந்தத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருக்கும்.

மையத்தைக் கவனித்துக்கொள்ளும் மாட்டுங்காவிலிருந்து வரும் ஸ்மிதா ஒருநாள் அவளுக்கு மட்டும் தனிக் கணக்கு போட்டுத் தருவதாகச் சொன்னாள்.

"வேண்டாம் டீச்சர். வச்சது அப்படியே இருந்தா, வந்து நான் என்ன செய்ய?" என்றாள் விஜயராணி.

ஜூலையில் லினக்ஸின் புதிய பதிப்பை ஏற்றினார்கள். டெஸ்க்டாப்பே வேறாகிவிட்டது. மெனுவைக் காணோம், ஊதாத் திரை மட்டும் இருந்தது. வந்தவர்கள் திகைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்மிதாவுக்கும் பிடிபடவில்லை. விஜயராணி அம்புக்குறியை மூலை மூலையாகக் கொண்டுபோய்த் தட்டிப் பார்த்தாள். இருபது நிமிடத்தில் பட்டை கீழே வந்தது, எழுத்து பெரிதானது. பச்சைத் தண்ணீர் இதில் இல்லை. பனி மூடிய மலையை வைத்தாள்.

எப்படிக் கண்டுபிடிச்சேள் என்று ஸ்மிதா கேட்டாள்.

"வீட்டை மாத்திக் கெட்டியிருக்காவ, அம்புட்டுதான் டீச்சர். அடுப்படி எங்கயாவது இருக்கத்தான செய்யும்."

அவள் எழுந்துகொள்ளும் முன் ஸ்மிதா தடுத்து, பதிப்பை ஏற்றியவர்களிடம் போனில் கேட்டு, புதிதாக உட்காரும் எவருக்கும் அந்தத் தோற்றமே முதலில் வரும்படி பத்து இயந்திரங்களிலும் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் மூன்று மணிக்குப் பத்துத் திரைகளிலும் மலை. எல்லோரும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், டைப் அடித்தார்கள். யார் வைத்த மலை என்று ஒருவரும் கேட்கவில்லை. தான் பத்து இடங்களில் ஒரே நேரத்தில் தூங்குவதுபோல விஜயராணிக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று.

தன் இடத்தில் அமர்ந்தாள். மாற்ற எதுவும் மிச்சமில்லை. முதல்முறையாக டைப்பிங் பாடத்தைத் திறந்தாள்.

இப்போது நிமிடத்துக்குப் பதினெட்டு வார்த்தை அடிக்கிறாள். சில நாள் பாடத்துக்கு நடுவே, ஓரத்தில் தெரியும் மலையில் கண் போய்க் கை நின்றுவிடுகிறது. நாலு மணி ஆனதை ஸ்மிதாதான் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.